சிவப்பா, பச்சையா, வார்ம் ஒயிட்டா? முட்டைக்கோழி ஷெட்டுக்கு எந்த விளக்கு

விளக்கின் நிறத்தைப் பேசும் முன் ஷெட்டைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் உள்ளே விழும் ஷெட்டா, அடைத்துவிட்டால் கும்மிருட்டாகும் ஷெட்டா? மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான். நாமக்கல் வட்டாரத்தில் பெரும்பாலானவை இருபுறமும் வலை அடித்துத் திறந்து நிற்கும் உயர்மட்ட ஷெட்டுகள். அங்கே பகல் முழுக்கக் கோழியின் தலைமேல் விழுவது சூரிய வெளிச்சம். அதில் எல்லா நிறமும் இருக்கிறது. ஓரத்துக் கேஜில் ஆயிரக்கணக்கான லக்ஸ்கூட (வெளிச்சத்தின் அளவு) விழும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் 10 லக்ஸ் பச்சை விளக்கு முட்டையிடும் பருவத்தைத் தள்ளிப்போடும் என்று நம்பிப் பணம் போடுவது வீண். முழுதும் அடைத்து, வெளிச்சத்தையும் காற்றையும் கட்டுப்படுத்தும் இ.சி. ஷெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே நிறம் ஒரு முழுமையான தேர்வு. திறந்த ஷெட்டில் அது விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் எரியும் நான்கு மணி நேரத்துக்கான தேர்வு.

ஏன் நிறம் வேலை செய்கிறது என்பது தெரிந்தால் விற்பனையாளர் சொல்வதில் எது சரி, எது மிகை என்று நாமே பிரித்துவிடலாம். கோழிக்கு வெளிச்சம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று கண். மற்றொன்று நேரே மண்டையோட்டைத் தாண்டி மூளை. 1930களில் பிரான்சில் ஜாக் பெனுவா வாத்துகளிடம் செய்த சோதனைகளில், கண் இல்லாத வாத்துக்கும் வெளிச்சம் பட்டால் விரை வளர்ந்தது. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் பகுதியில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் சுரக்கும், அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்களை விடச் செய்யும்; அதன்பின் சினைப்பை வளரும்.

தோல், எலும்பு, மூளைத் திசு எல்லாவற்றையும் ஊடுருவி உள்ளே போவதில் சிவப்பு அலைக்கு ஈடில்லை. இரவில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள்: மறுபுறம் சிவப்பு மட்டும் தெரியும், நீலமும் பச்சையும் சதையிலேயே நின்றுவிடும். கோழியின் தலையிலும் அதுதான் நடக்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. மூளைக்குள் இருக்கும் ஒளியுணர் புரதங்களில் சில நீலத்துக்கும் அதைவிடக் குறுகிய அலைகளுக்கும்தான் கூர்மையானவை. உள்ளே போய்ச் சேர்வதில் சிவப்பு முந்துவதால்தான் அது வெல்கிறது. நீலமோ பச்சையோ போதுமான பிரகாசத்தில் எரிந்தால் அதுவும் ஊடுருவித் தூண்டும். ஆகவே பச்சை விளக்கு பருவத்தைத் தடுக்கும் பூட்டு என்பது தவறு. மங்கலாக, குறைந்த நேரம் எரிந்தால் மட்டுமே அது தூண்டாமல் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் ஹார்மோன் ஒன்றும் உண்டு. 2000இல் ஜப்பானியக் காடையில் முதலில் கண்டறியப்பட்ட இதை, இருட்டில் சுரக்கும் மெலடோனின் தூண்டுகிறது. நீண்ட இரவு இருக்கும்வரை பருவம் ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விடை. நிறம் எதுவானாலும் இருட்டு நேரத்தைக் கெடுத்தால் கணக்கு கெடும்.

கடையில் கிடைப்பவை

கூல் டே லைட், அதாவது 6500 கெல்வின் (வெள்ளை விளக்கின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலச்சாயல்). எந்த மின்கடையிலும் கிடைக்கும், வேலை செய்பவர்களுக்கும் கண்ணுக்கு நன்றாக இருக்கும். 450 நானோமீட்டர் அலைநீளம் வாக்கில் நீலத்தில் ஒரு முகடு, நடுவில் மஞ்சள்-பச்சை, 620க்கு மேல் சிவப்பு சொற்பம். இதில் கோழி முட்டையிடாது என்று சொல்லவே முடியாது. போதுமான லக்ஸும் 16 மணி நேரமும் கிடைத்தால் இடும். ஆனால் அதே விலையில் வார்ம் ஒயிட் கிடைக்கும்போது முட்டையிடும் கோழிகள் இருக்கும் லேயர் ஷெட்டுக்கு இதை வாங்க ஒரு காரணமும் தெரியவில்லை. குஞ்சு ஷெட்டுக்கும், முட்டைக்கு வராத வளரும் கோழிகளின் குரோவர் ஷெட்டுக்கும் இது குறையில்லாத விளக்கு.

வார்ம் ஒயிட், 2700 முதல் 3000 கெல்வின். பழைய குண்டு பல்பின் மஞ்சள் நிறத்துக்குப் பக்கத்தில் வருவது. நீலம் குறைவு, சிவப்பு கூல் டே லைட்டைவிட நன்றாகவே கூடுதல். முட்டையிடும் காலத்துக்கு ஒரே ஒரு விளக்கைச் சொல் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கோழியின் கொண்டை வெளிறியிருப்பதும், எச்சம் பச்சையாகப் போவதும், முட்டையில் ரத்தக்கறை இருப்பதும் இந்த வெளிச்சத்தில் தெரியும்.

தனிச் சிவப்பு, 630 அல்லது 660 நானோமீட்டர். மூளையைத் தூண்டும் திறன் இதில்தான் அதிகம். நீலம், பச்சையில் வளர்ந்த கோழிகளைவிடச் சிவப்பில் வளர்ந்தவை முன்னதாகப் பருவத்துக்கு வருவதும், எண்ணிக்கையில் கூடுதலாக இடுவதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதே ஆய்வுகள் பலவற்றில் நீலம், பச்சையில் முட்டையின் எடை சற்றுக் கூடுதல். முந்தி வந்த கோழி சின்ன உடம்போடு சின்ன முட்டை இடும், அவ்வளவுதான். நாமக்கல் சந்தையில் பொடிமுட்டையை விலை குறைத்தே எடுப்பார்கள் என்பதால், ஒரு வாரம் முன்னதாக வந்த முட்டை லாபமா நட்டமா என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

சிவப்பின் இன்னொரு பயன் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் பேட்ச்சில் (ஒன்றாக வளரும் கோழிக்கூட்டத்தில்) தெரியும். மங்கலான சிவப்பில் ரத்தம் தனியாகத் துலங்காது; ஒரு கோழியின் பின்புறம் கிழிந்தாலும் மற்றவை அதைத் தேடி வராது. அதே குணம்தான் பணியாளுக்கு எதிரி. ஷெட்டில் நடந்து பார்ப்பவருக்கும் ரத்தம் தெரியாது, கொண்டை நிறம் தெரியாது, எச்சத்தின் நிறம் தெரியாது. தனிச் சிவப்பு போட்ட ஷெட்டில் நோய் பிந்தித்தான் கண்ணில் படும். போட்டே ஆக வேண்டுமென்றால் தினமும் ஒருமுறை வெள்ளை டார்ச்சோடு கீழ்த்தட்டு வரை பார்க்க ஆள் வேண்டும்.

பச்சையும் நீலமும். குரோவர் காலத்தில் இ.சி. ஷெட்டில் இவற்றுக்கு இடமுண்டு: மூளையை மெதுவாகத் தூண்டும், கோழி அமைதியாக இருக்கும். முட்டையிடும் காலத்தில் இவற்றைத் தனியாகப் போடுவது தவறு. நீல விளக்கு வேறொரு வேலைக்கு உதவும்: கோழி பிடிக்கும்போதும் இடம் மாற்றும்போதும் நீலத்தில் அதற்குப் பார்வை மங்கும், பரபரப்பு குறையும், இறக்கை முறிவது குறையும். அதற்காக நான்கைந்து நீல பல்பு பண்ணையில் இருப்பது நல்லது.

சிவப்பு கூட்டிய வெள்ளை. கோழிப்பண்ணைக்கென்றே செய்து விற்கும் எல்.இ.டி. வரிசை விளக்குகள்: வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே சிவப்புச் சில்லுகள், மங்கலாக்கும் வசதியோடு. விலை பல மடங்கு. இ.சி. ஷெட்டில், குறிப்பாக கேஜ் அடுக்குகளுக்கு இடையிலேயே விளக்கு ஓடும் ஷெட்டில், இது தன் விலையை நியாயப்படுத்தும். திறந்த ஷெட்டில் நியாயப்படுத்தாது.

சிவப்புப் பூச்சு, சிவப்புச் சில்லு

கடையில் சிவப்பு என்று கேட்டால் பாதி நேரம் கையில் வருவது வெள்ளைச் சில்லின் மேல் சிவப்பு மூடி போட்ட இரவு விளக்கு. வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பே குறைவு. மூடி மற்ற நிறங்களைத் தடுத்துவிட்டு அந்தக் குறைவைத்தான் வெளியே விடுகிறது. பார்க்கச் சிவப்பாக இருக்கும், சரக்கு இருக்காது. சோதிக்க ஒரு பழைய சி.டி. போதும். இருட்டறையில் பல்பை எரியவிட்டு, அதன் பிம்பம் சி.டி.யின் பளபளப்புப் பக்கத்தில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். நிறப்பட்டைகள் விரியும். கூல் டே லைட்டில் நீலப் பட்டை பளீரென்றும் சிவப்பு ஓரத்தில் மெலிந்தும் தெரியும். வார்ம் ஒயிட்டில் சிவப்பு அகலமாக, அழுத்தமாக இருக்கும். உண்மையான சிவப்புச் சில்லில் ஒரே ஒரு சிவப்புக் கோடு பளிச்சென்று நிற்கும். பெட்டியில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது.

லக்ஸ் மீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. அது மனிதக் கண்ணுக்குச் செய்த கருவி. 555 நானோமீட்டர் பச்சையைத்தான் முழுதாக எண்ணும். அதே ஆற்றலை 630 நானோமீட்டர் சிவப்பாக விட்டால் மீட்டர் ஏறத்தாழ கால்பங்கு காட்டும். 660 ஆனால் பதினாறில் ஒரு பங்குதான். 660 நானோமீட்டர் சிவப்பு விளக்கைப் போட்டு, மீட்டர் 20 காட்டும்வரை பல்பைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் கோழியின் மூளைக்குள் பெரும் வெளிச்சத்தை ஊற்றியிருப்பார்கள். பேட்ச் நிலைகொள்ளாமல் அலையும், கொத்தல் தொடங்கும், காரணம் புரியாது. தனிநிற விளக்குக்கு லக்ஸ் இலக்கு வைக்காதீர்கள். கோழிப்பண்ணைக்கான விளக்கு என்றால் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியையும் உயரத்தையும் பின்பற்றுங்கள். வெள்ளை விளக்குகளுக்கு மீட்டர் போதும். கைபேசிச் செயலிகள் ஒரு விளக்கையும் இன்னொன்றையும் ஒப்பிட உதவும், அளவுக்கு உதவாது.

அளக்கும் இடம் முக்கியம். விளக்குக்கு நேர்கீழே நின்று அளந்தால் எந்த ஷெட்டும் தேறிவிடும். இரண்டு விளக்குகளுக்குச் சரிநடுவில் குனிந்து, கீழ்த்தட்டுத் தீவனத் தொட்டியின் மட்டத்தில் மீட்டரை வையுங்கள். மேல்தட்டுக் கேஜின் நிழல் விழும் அந்த இடத்தில் 10 லக்ஸ் குறையாமல் இருக்க வேண்டும். தூசிக்கும் பல்பின் வயதுக்கும் இடம்விட்டு 20 வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மேல்தட்டில் 60, கீழ்த்தட்டில் 4 என்றால் ஒரே ஷெட்டில் இரண்டு பேட்ச் வளர்க்கிறீர்கள் என்று பொருள்: மேலே கொத்திக்கொள்ளும், கீழே பருவம் பிந்தும். வாட் கூட்டுவதால் இது தீராது. வாட்டைக் குறைத்து, விளக்குகளை நெருக்கிப் போட்டால்தான் தீரும்.

300 அடி நடைபாதைக்கு 10 அடிக்கு ஒன்றாக 30 விளக்கு, ஒவ்வொன்றும் 9 வாட் என்றால் 270 வாட். நாளுக்கு 4 மணி நேரத்துக்கு 1.08 யூனிட். இதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்பு 7.2 யூனிட் இழுத்தது. மின்செலவில் இவ்வளவு மிச்சமாகும்போது, விலை மலிவென்று தரமற்ற விளக்கை வாங்க வேண்டியதில்லை. தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 தரம் வேண்டும். எருக்குழியிலிருந்து ஏறும் அமோனியா திறந்த செம்பு இணைப்புகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். 12 வோல்ட் பட்டை விளக்கை நீளமாக இழுத்தால் கடைசியில் மின்னழுத்தம் இறங்கி அந்தப் பக்கம் மங்கும். ஷெட்டின் ஒரு மூலையில் மட்டும் முட்டை குறைகிறது என்றால் இதையும் பாருங்கள்.

துடிப்பும் ஒரு சிக்கல். மலிவான எல்.இ.டி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை அணைந்து எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது. கோழியின் கண் துடிப்பை நம்மைவிட வேகமாகப் பிரித்துப் பார்க்கும். கைபேசியின் ஸ்லோ மோஷனில் பல்பைப் படம்பிடியுங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிம்மருக்கென்று (வெளிச்சத்தை மங்கலாக்கும் கருவி) செய்யாத சாதாரண எல்.இ.டி. பல்பை அதில் மாட்டுவதும் இதே துடிப்பைத்தான் உண்டாக்கும்.

எப்போது மாற்றுவது

நிறத்தை எவ்வளவு சரியாகத் தேர்ந்தாலும், உடல் எடை வராத கோழிக்கு வெளிச்சம் கூட்டினால் அந்தப் பேட்ச் கெட்டுவிடும். வெள்ளை லெகார்ன் வழி இனங்களுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ, உங்கள் இனத்தின் கையேட்டில் உள்ள எடையே கடைசிச் சொல். 100 கோழியைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். சராசரி வந்தால் மட்டும் போதாது. 80 கோழியாவது சராசரிக்கு 10 சதவீதம் மேலே கீழே என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். எடை வரவில்லையென்றால் 17 வாரம் ஆனாலும் ஒரு வாரம் பொறுங்கள்.

எடை குறைவாக இருக்கும்போது சிவப்பு மிகுந்த விளக்கும் கூடுதல் நேரமும் சேர்ந்து அழுத்தினால் என்ன ஆகும்? 16 வாரக் கோழியைப் பிரேதப் பரிசோதனையில் திறந்தால் இடப்பக்கச் சினைப்பை வெளிறிய கசகசாக் கொத்து போல ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டைக்குழாய் ஒரு நூல். வெளிச்சம் கூட்டிய இரண்டு மூன்று வாரத்தில் அதே இடத்தில் மஞ்சள் உருண்டைகள் அளவு வரிசையில் தொங்கும். மூளை முந்தி உத்தரவு கொடுத்துவிட்டது, இடுப்பெலும்பு விரியவில்லை, வயிற்றில் கொழுப்பு சேரவில்லை. முட்டை வெளியேறும்போது குழாயும் சேர்ந்து வெளியே தள்ளும். பக்கத்துக் கோழி அந்தச் சிவப்பைக் கொத்தும். 20 முதல் 24 வாரத்துக்குள் தினமும் கேஜில் செத்துக் கிடக்கும் நல்ல கோழிகளில் பலவற்றின் கதை இதுதான்.

தீவனத்தையும் இதோடு கட்ட வேண்டும். முட்டையோட்டுக்கான சுண்ணாம்பைக் கோழி எலும்புக்குள்ளேயே சேமிக்கத் தொடங்குவது கொண்டை சிவக்கும் காலத்தில். 2 முதல் 2.5 சதவீதம் கால்சியம் உள்ள இடைக்காலத் தீவனம் அப்போது தொட்டியில் இருக்க வேண்டும். சிவப்பு கூடிய விளக்கு பருவத்தை முன்னே இழுத்தால் தீவன மாற்றமும் முன்னே வர வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து மாற்றினால் பிந்திவிடும்.

நேரத்தைக் கூட்டும் முறை: எடை வந்த வாரம் ஒரேயடியாக 1 மணி நேரம், பிறகு வாரம் அரைமணி நேரமாக 16 மணி நேரம் வரை. 12 மணிப் பகலில் 17ஆம் வாரம் தொடங்கினால் 23இல் 16ஐத் தொடும். வளரும் காலத்தில் நேரத்தைக் கூட்டக் கூடாது, முட்டையிடும் காலத்தில் குறைக்கக் கூடாது. நாமக்கல்லில் டிசம்பர் கடைசியில் பகல் 11½ மணி, ஜூன் கடைசியில் 12¾ மணி. ஜனவரியில் பொரித்த குஞ்சு வளரவளரப் பகலும் வளரும்; விளக்கே போடாமல் அது முந்திப் பருவத்துக்கு வரப் பார்க்கும். ஜூலைப் பேட்ச்சுக்கு நேர்மாறு. ஜனவரிப் பேட்ச்சுக்கு நடுவளர்ச்சியிலிருந்தே 12¾ மணியை விளக்கால் நிலையாக வைத்துவிட்டால் பகல் கூடுவது அதற்குத் தெரியாது.

கூடுதல் நேரத்தின் பெரும்பகுதியை விடியற்காலையில் போடுவது நம் வெயிலுக்கு ஏற்றது. மூன்று மணிக்கு விளக்கு எரிந்தால் கத்திரி வெயில் ஏறுமுன் கோழி தீவனம் தின்று முடித்துவிடும். எட்டு மணி நேர இருட்டு ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

இ.சி. ஷெட்டில் ஒழுங்கு வேறு. குரோவரில் 10 மணி நேரம், 10 லக்ஸ், கூல் டே லைட் அல்லது பச்சை. எடை வந்ததும் வார்ம் ஒயிட் அல்லது சிவப்பு கூட்டிய வெள்ளை, 20 லக்ஸ், நேரம் 11 மணியாகி மேலே ஏறும். இங்கே நிறம், பிரகாசம், நேரம் மூன்றும் ஒரே திசையில் தள்ளுவதால் பேட்ச் ஒருசேர முட்டைக்கு வரும். ஆனால் இ.சி. குரோவரில் வளர்த்த கோழியைத் திறந்த லேயர் ஷெட்டுக்கு மாற்றினால், மாற்றிய நாளே அதற்கு முழுத் தூண்டல். நீங்கள் விளக்கு போடாவிட்டாலும் சூரியன் போட்டுவிடும். அப்படி மாற்றுவதாக இருந்தால் எடையை மாற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

திறந்த பண்ணையில் அடிக்கடி தவறிப்போகும் இடம் ஒன்று: லேயர் ஷெட்டின் விளக்கு பக்கத்துக் குரோவர் ஷெட்டில் விழுவது. விடியல் நான்கு மணிக்குக் குரோவர் ஷெட்டுக்குள் போய் நின்று பாருங்கள். கோழியின் உருவம் தெரிந்தால் அதற்கும் விடிந்துவிட்டது. அரை லக்ஸுக்கு மேல் போனாலே இருட்டு இருட்டாக இருக்காது. அந்தப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் மறைப்பு, விலையுயர்ந்த பச்சை விளக்கைவிட நன்றாகப் பருவத்தைத் தள்ளிவைக்கும்.

டைமரையும் பாருங்கள். முள் சுற்றும் பழைய டைமர் மின்வெட்டில் நின்றுவிடும். இரண்டு மணி நேர வெட்டுக்குப் பின் எல்லாமே இரண்டு மணி நேரம் தள்ளி நடக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கி, வாரம் ஒருமுறை கைபேசி மணியோடு ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே கூல் டே லைட்டில் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பேட்ச் இருந்தால் நடுவில் நிறத்தை மாற்றத் தேவையில்லை. வார்ம் ஒயிட் எரியும் ஷெட்டில் பல்பு போனால் கையில் கிடைத்த கூல் டே லைட்டை மாட்டாதீர்கள். கோழிக்கு அது சிவப்பு குறைந்த இடம். ஒரே மாதிரியில் பத்துக்கு ஒன்று உபரி வாங்கி வையுங்கள். முழுமாற்றத்துக்கு ஏற்ற நேரம் பழைய பேட்ச் கழிந்து ஷெட் காலியாக, கழுவிச் சுண்ணாம்பு அடித்து நிற்கும் நாட்கள். அப்போது விளக்கை மாட்டி, இரவில் கீழ்த்தட்டு வரிசை முழுவதையும் அளந்து, 10க்குக் கீழே காட்டும் இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, விளக்கை நகர்த்திவிட்டுத்தான் புதுக் கோழியை ஏற்ற வேண்டும்.